பண்பாட்டைக் காப்பாற்ற ஒரு பட்டப்படிப்பா?

கேள்வி: பண்பாட்டுக் கற்கைகள் என்னும் புதிய துறையில் பட்டம் பெற என் மகள் விரும்புகிறார். அத்துறையின் வீச்சும் வளர்ச்சியும் யாவை? நமது பண்பாட்டைக் காப்பாற்ற அது உதவுமா?
– ஒரு தந்தை, உப்புவெளி.

பதில்: காப்பாற்றுவதற்கு ஆட்கள் போதாமல் இருந்தால்தானே, ஐயா, அதற்கென ஒரு துறை வேண்டும்? நமது திருகோணமலை மாவட்டத்தில் பண்பாட்டைக் காப்பாற்றாத ஒருவரைக் கண்டுபிடிப்பதே கடினம். எந்த விழாவுக்கேனும் சென்று பாருங்கள். மங்கல விளக்கின் ஒவ்வொரு திரியையும் ஏற்ற ஒவ்வொரு பிரமுகர் அழைக்கப்படுவார். ஐந்தாமவர் ஏற்றும்போது முதலாமவருடைய சுடரை மின்விசிறி அணைத்திருக்கும். கும்மிக்காக மதியத்திலிருந்தே அலங்கரிக்கப்பட்டு நிற்கும் பிள்ளைகள், பிரதம விருந்தினரின் உரை முடிவதற்குள் தூங்கிவிடுவார்கள். பிறகு மலர் வெளியிடப்படும். அதன் முற்பாதி முழுவதும் வாழ்த்துச் செய்திகளாக இருக்கும். அத்தனை செய்திகளும் இம்முயற்சி காலத்தின் தேவை என்றே தொடங்குவதால், அவை யாவும் ஒரே கணினியில் பிறந்தவை என்பது என் நெடுநாளைய ஐயம். இதை முன்னொரு முறை இப்பக்கத்தில் எழுதியபோது, மலர்க்குழுச் செயலாளர் ஒருவர் நீண்ட மறுப்புக் கடிதம் அனுப்பினார். அதனுடனும் ஒரு வாழ்த்துச் செய்தி இணைக்கப்பட்டிருந்தது.

உங்கள் மகள் விரும்பும் துறை இந்த விழாவை நடத்துவதற்கானது அன்று. விழாவின் பின்வரிசையில் அமர்ந்து, சங்கடமான கேள்விகளைக் கேட்பதற்கானது. கரைவலை இழுத்தவர்கள் உழைப்பின் களைப்புத் தெரியாமல் பாடிய அம்பாப் பாடலை, வலையைத் தொட்டறியாதவர்கள் பட்டு வேட்டியுடன் மேடையில் பாடும்போது அப்பாடலுக்கு என்ன நேர்கிறது? கும்மி பண்பாடாகவும், ஓட்டோவின் பின்கண்ணாடியில் எழுதப்படும் வாசகம் வெறும் கிறுக்கலாகவும் கருதப்பட வேண்டும் என்று தீர்மானித்தவர் யார்? அந்தத் தீர்மானத்தால் ஆதாயம் பெறுபவர் யார்? துறையின் வீச்சு என்று நீங்கள் கேட்டது ஏறத்தாழ இதுதான்.

அது புதியதும் அன்று. றிச்சர்ட் ஹொகார்ட் என்னும் திறனாய்வாளர் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தைத் தொடங்கியது 1964இல். அவரும், இத்துறையின் மற்ற முன்னோடிகளான றேமண்ட் வில்லியம்ஸ், இ.பி. தொம்சன் ஆகியோரும் அதற்கு முன்னர் வளர்ந்தோர் கல்வி வகுப்புகளில் பல்லாண்டுகள் கற்பித்தவர்கள். பகலில் வேலைக்குச் சென்று மாலையில் படிக்க வந்தவர்களிடம், செவ்விலக்கியம் மட்டுமே பண்பாடு என்று சொல்லிச் சமாளிக்க முடியாத நிலையிலேயே இத்துறையின் விதை விழுந்தது. ஹொகார்ட்டுக்குப் பின்னர் மையத்தை வழிநடத்திய ஸ்டூவர்ட் ஹோல், ஜமெய்க்காவில் பிறந்து 1951இல் இங்கிலாந்துக்குப் படிக்கச் சென்றவர். தொலைக்காட்சி சொல்வதை மக்கள் அப்படியே விழுங்குவதில்லை. சிலர் ஏற்கின்றனர், சிலர் பேரம் பேசுகின்றனர், சிலர் எதிர்த்துப் படிக்கின்றனர் என்று 1973இல் அவர் எழுதினார். சென்னையிலிருந்து வரும் நெடுந்தொடரை உப்புவெளியில் மாமியாரும் மருமகளும் ஒரே வரவேற்பறையிலிருந்து பார்க்கும் வீடுகளில் இக்கோட்பாட்டுக்கு வேறு சான்று தேவையில்லை.

நம்மவர் பலருக்கு நினைவில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஈழத்துத் தமிழறிஞர்களான க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் 1960களில் அதே பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், கிரேக்க மொழிப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தனர். அவர்கள் எடுத்துக்கொண்டவை பழந்தமிழ் வீரயுகக் கவிதையும் பண்டைத் தமிழ் நாடகமும். ஹொகார்ட்டின் மையத்தோடு அவர்களைச் சேர்த்துக் கட்டுவது என் நோக்கமன்று. ஆயினும், தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்பாடல் ஊடகமாகக் கொண்டு சிவத்தம்பி 1981இல் ஆங்கிலத்தில் நூல் எழுதினார் என்பதை, இத்துறையை நேற்று இறக்குமதியான சரக்கு என்பவர்கள் கவனிக்க வேண்டும். மறுபக்கத்தில், எமது இதழுக்கு வரும் ஆய்வுக் கட்டுரைகள் சிலவற்றில் இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்சியின் பெயர் பத்தித் தலைப்புத் தோறும் வருகிறது. எழுதியவர் தம் ஊர்ச் சந்தைக்கு ஒரு தடவையேனும் சென்ற தடயம் வருவதில்லை. இவர்களுக்காகத்தான் நான் தொடர்ந்து பகை தேடிக்கொள்கிறேன்.

சந்தை தொலைவென்றால் கன்னியாவுக்குச் செல்லலாம். அங்குள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகள் இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை என்பது நம்மவர் வழக்கு. இறந்தோருக்கான கிரியைகளை அங்கு செய்தவர்கள் அக்கதையை வாழ்ந்தே காட்டினர். தொல்லியல் தரப்பு அவ்விடத்தைப் பௌத்த எச்சங்களோடு இணைத்துப் பேசுகிறது. சுற்றுலாப் பிரசுரமோ கிணறுகளின் வெப்பத்தைப் பற்றி மட்டும் அக்கறை கொள்கிறது. எந்தக் கதை அங்குள்ள அறிவிப்புப் பலகையில் ஏறுகிறது, எது வாய்மொழியிலேயே நின்றுவிடுகிறது, பலகையை எழுதும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்பவர் இத்துறையின் நடுக்கூடத்திலேயே நிற்கிறார்.

இனி, தந்தை என்ற முறையில் உங்களுக்குள்ள கவலை. பேர்மிங்ஹாம் மையம் நீண்ட காலம் உயர்பட்ட ஆய்வு நிலையமாக இருந்து, பின்னர் இளநிலை மாணவர்களையும் சேர்த்துக்கொண்ட ஒரு திணைக்களமாகி, 2002இல் பல்கலைக்கழக நிருவாகத்தின் மறுசீரமைப்பில் மூடப்பட்டது. துறை அதனோடு மூடப்படவில்லை. ஊடகக் கற்கை, சமூகவியல், மொழித்துறைகள் ஆகியவற்றுக்குள் புகுந்துகொண்டது. ஆகவே அதே பெயர்ப்பலகை கிடைக்காவிட்டால் மகள் சோர்வடைய வேண்டாம். கோணேசபுரியிலுள்ள, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே தொடர்பாடல் கற்கைகள் உள்ளன. ஆங்கிலத்தோடு சிங்களத்தையும் நன்றாகக் கற்கச் சொல்லுங்கள். நமது நகரத்தில் நடந்த ஒரே சம்பவத்தை மும்மொழிப் பத்திரிகைகளும் எழுதும் விதத்தை ஒப்பிட்டு அவர் ஒரு கட்டுரை எழுதினால், மலர்களுக்கு முன்னதாக எமக்கு அனுப்பிவைக்கவும்.