விடுதி அறையில் தஞ்சாவூர் ஓவியம்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, கோவையில் பொறியியல் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். விடுதி அறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். தஞ்சாவூர் ஓவியம் தொடங்க என்னென்ன வேண்டும்?

பதில்: அது போதும் தம்பி. முதல் படத்துக்கு 10×12 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். தண்ணீர் தாங்கும் பிளைவுட், 8 மி.மீ.க்குக் குறையாமல் வாங்குங்கள். அதைவிட மெல்லியதென்றால் துணி ஒட்டிக் காய்ந்ததும் பலகை வளையும்.

காடாத் துணியைக் கஞ்சி போக அலசி, காயவைத்து, நாலு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். பசை தடவிய பலகையில் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து ஒட்டுங்கள். காற்றுக்குமிழி நின்றால் பிற்பாடு அந்த இடம் உப்பும். ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

அடுத்து வேலம்பிசின். ஒரு பங்கு பிசினை இரண்டு பங்கு தண்ணீரில் இரவு ஊறவைத்துத் துணியில் வடிகட்டுங்கள். பூஞ்சை, பூச்சி வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்). அது நஞ்சு. சாப்பாட்டுத் தட்டு, தம்ளர், கரண்டி எதையும் இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள்.

இந்தப் பிசின் நீரில் சாக்பவுடரைத் தோசை மாவைவிடத் தளர்வாகக் கரைத்து, துணிமேல் ஒருமுறை கிடையாக, அது காய்ந்தபின் ஒருமுறை நெடுக்காக என்று 4 பூச்சு. காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். விரலில் துணியின் இழை தட்டுப்படக் கூடாது. தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அறைத்தோழரின் கட்டில் வரை தூள் பறக்கும்.

கேள்வி: மொத்தம் எத்தனை நாளில் முடியும் அக்கா?

பதில்: தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதம். அதில் பாதி, காயக் காத்திருக்கும் நாள்கள்.

கேள்வி: நகைகளுக்குக் கல் பதித்து, சுற்றி மேடாகச் சாக்பவுடர் மாவு வைத்தேன். இரண்டாம் நாளே விரிசல். ஏன்?

பதில்: மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். ஒரே தடவையில் தடிமனாக வைத்திருப்பீர்கள். மேல்தோல் முதலில் காய்ந்து இறுகிவிடும், உள்ளிருக்கும் ஈரம் பின்னால் வற்றிச் சுருங்கும்போது தோல் பிளக்கும். அல்லது பிசின் கூடியிருக்கும். அல்லது வெயிலில் வைத்திருப்பீர்கள். பிசின் குறைந்தாலோ விரிசல் வராது, தொட்டால் பொடியாக உதிரும்.

மாவுக்குச் சாக்பவுடர் இரண்டு பங்கு, சுக்கான் தூள் (சுண்ணாம்புக்கல் பொடி) ஒரு பங்கு, பிசின் நீர் விட்டுத் தேன் பதத்தில் குழையுங்கள். 1ஆம் எண் தூரிகையால் சொட்டுச் சொட்டாக வைத்து, அது பரவித் தானாக வடிவம் பிடிக்க விடுங்கள். உயரம் வேண்டுமானால் காய்ந்தபின் இன்னொரு அடுக்கு. நிழலில், அடுக்குக்கு ஒரு நாள். மழைக்காலத்தில் இரண்டு நாள்.

கேள்வி: தொகுப்பாக விற்கும் பெட்டியில் வரும் தங்கத் தாள் போதுமா?

பதில்: 22 காரட் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தாள்) என்று எழுதி ரசீது தருகிறார்களா என்று பாருங்கள். தராவிட்டால் பழகுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பித்தளைக் கலவைத் தாள் நாளடைவில் கறுக்கும்.

கேள்வி: எதற்கு இந்தப் பிசின் பாடு? ஃபெவிகாலில் மாவு குழைத்தால் விரிசலே வராது. எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பதில்: துணியைப் பலகையில் ஒட்ட ஃபெவிகால் நல்லது. நானும் அதையே சொல்வேன். ஆனால் மாவில் வேண்டாம். காய்ந்தால் அது பிளாஸ்டிக் தோல். உப்புத்தாள் போட்டால் தூளாகாமல் இழுபட்டுத் தாளை அடைக்கும். முனைகள் மழுங்கும். நகையின் மணிகள் தனித்தனியாகத் தெரிவதற்குப் பதில் ஒன்றாகக் கொழகொழத்துக் கிடக்கும்.

கேள்வி: பிசினுக்கு மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: நியாயமான கேள்வி. பிசின் ஈரத்தை இழுக்கும், சென்னை மாதிரி கடலோர ஊரில் தொல்லைதான். மயில்துத்தம் அதற்காகத்தான். படத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டாமல் பின்னால் விரலளவு இடைவெளி விட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டால் போதும். தஞ்சை மன்னர் சரபோஜி காலத்துப் படங்கள் இன்றும் இருக்கின்றன. பழுதானால் அவற்றைப் பிரித்துச் சரிசெய்ய முடிகிறது, ஏனென்றால் பிசின் தண்ணீருக்கு இளகும். வெள்ளைப் பசை மாவு அப்படி இளகாது. நாளை தவறு தெரிந்தால் உளியால் பெயர்க்க வேண்டியதுதான்.

கேள்வி: வேகமாக வேலை முடிய வேண்டுமென்றால்?

பதில்: வேகத்துக்காகப் பசையை மாற்றாதீர்கள், படத்தைச் சிறிதாக்குங்கள். ஒரே முகம், ஒரே மாலை.

கேள்வி: எத்தனை நாள் ஆகும் என்று சொல்லவில்லையே?

பதில்: சொல்லியிருக்கிறேன், இரண்டாவது பதில். காயட்டும் என்பதை இன்னொரு முறையும் சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: ரேக்கு ஒட்டும்போது மாவின் பள்ளங்களில் கிழிகிறது.

பதில்: இடத்தை விடச் சற்றுப் பெரிதாக வெட்டுங்கள். மாவின் மேல் மட்டும் பிசின் தடவி, அது கையில் ஒட்டுகிற பதத்துக்கு வந்ததும் ரேக்கை வைத்து, நடுவை முதலில் பஞ்சால் அமுக்குங்கள். பிறகுதான் மழுங்கிய குச்சியால் பள்ளங்கள். ஓரத்தை முதலில் அழுத்தினால் நடுவில் இழுபட்டுக் கிழியும். கிழிந்த இடத்தில் சிறு துண்டு வைத்து ஒட்டலாம், கோடு தெரியாது. கல்லின் மேல் படிந்த ரேக்கைக் கடைசியில் கீறி எடுங்கள்.

கேள்வி: வார்னிஷ்?

பதில்: வேண்டாம். தங்கம் மங்கும், போஸ்டர் வண்ணம் கருக்கும்.

கேள்வி: கலம்காரியும் (துணியில் வரையும் ஓவியம்) சேர்த்துக் கற்றுத் தர முடியுமா?

பதில்: என் துறை இல்லை. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் அந்த வேலை நடக்கிறது, அங்கே நேரில் கேளுங்கள்.

கேள்வி: பொங்கலுக்கு ரயிலில் ஊருக்கு எடுத்துப்போக வேண்டும். எப்படிக் கட்டுவது?

பதில்: கண்ணாடி இல்லாமல். முகத்தில் வெண்ணெய்த்தாள், நாலு மூலையிலும் படத்தைவிட உயரமான அட்டைத் துண்டு, அதன்மேல் இன்னொரு பலகை. குமிழிப் பிளாஸ்டிக்கை நேராக வண்ணத்தின் மேல் சுற்றாதீர்கள், வெக்கையில் ஒட்டிக்கொண்டு உரியும். சட்டத்தை ஊரில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, நேற்று விரிசல் கேட்டவன். பிசின் மாவுதான். அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாமா?

பதில்: பிசின் என்றால் தாராளமாக. ஈரப்பஞ்சை விரிசல் மேல் பத்து நிமிடம் வைத்து, இளகியதும் மழுங்கிய கத்தியால் வழித்தெடுங்கள். கல் பெயர்ந்தால் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பூச்சு காய ஒரு நாள் விட்டு, மறுபடி மெல்லிய அடுக்காக வையுங்கள்.