எட்டு மாத மியூனிக் பயிற்சிக்கு ஷெங்கன் பிசினஸ் விசா போதுமா?

போதாது. ஷெங்கன் விசா, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால விசா. அதில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் தங்கலாம். உங்களைச் சென்னை அலுவலகத்திலிருந்து மியூனிக் கிளைக்கு அனுப்புவது எட்டு மாதத்துக்கு. அதற்கு ஐசிடி கார்டு இருக்கிறது: ஒரே குழுமத்துக்குள் இடம் மாறுகிறவர்களுக்கான ஜெர்மன் அனுமதி.

எச்.ஆர். 'பிசினஸ் விசாவே போதும்' என்றது, இரண்டு வார மீட்டிங்குக்குப் போகிறவர்களுக்குச் சொல்லும் வழக்கமான பதிலாக இருக்கலாம். பல அலுவலகங்களில் எல்லாப் பயணத்துக்கும் ஒரே கடிதம்தான்!

உங்கள் அனுப்புதல் கடிதத்தை எடுத்து இவற்றைப் பாருங்கள்:

1. கிளம்பும் முன் இதே குழுமத்தில் குறைந்தது ஆறு மாதம் இடைவெளியில்லாமல் வேலை செய்திருக்க வேண்டும்.
2. பயிற்சி பெறுபவர் (டிரெய்னி) பிரிவுக்குப் பட்டப்படிப்பு கட்டாயம்.
3. வேலை ஒப்பந்தம் சென்னை நிறுவனத்தோடே தொடர வேண்டும். மியூனிக் கிளையே உங்களை வேலைக்கு எடுப்பதாக எழுதியிருந்தால் அது வேறு விசா, இதுதான் முக்கியம். வேலையிடம், பணி, சம்பளம், முடிந்ததும் திரும்பி வருவது எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

பயிற்சி பெறுபவராகப் போனால் உச்சவரம்பு ஓராண்டு. மேலாளர், நிபுணர் பிரிவுகளுக்கு மூன்றாண்டு. அப்புறம், ஷெங்கன் விசாவில் போய் இறங்கி அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐசிடிக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும்.