ஓட்டிப் பார்க்காமல் ஒப்பமிடாதீர்கள்: பாஸ் (bass) என்னும் நன்னீர் மீனைப் பிடிக்கும் படகு கேள்வி-பதில்

கேள்வி: சோதனை ஓட்டத்தின்போது டீலர் என்னைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துத் தாமே ஓட்டிக் காட்டினார். காப்பீட்டு விதி என்கிறார். இது போதுமா? (டெக்சஸ்)

பதில்: போதாது. ஓட்டத் தராத படகுக்குக் காசோலை எழுதாதீர்கள்.

கேள்வி: 250 குதிரைத்திறன் என்ஜின் பூட்டிய 20 அடிப் படகு. சோதனை ஓட்டத்தில் ஜிபிஎஸ் மணிக்கு 73 மைல் காட்டியது. வாங்கி வந்து நண்பரோடு ஏரியில் இறக்கினால் 66-ஐத் தாண்டவில்லை. என்ஜினை மாற்றிவிட்டார்களா? (அலபாமா)

பதில்: என்ஜினை மாற்றவில்லை, எடையை மறைத்திருக்கிறார்கள். இது என் நெடுநாள் ஆற்றாமை என்பதால் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். காட்டுவதற்கென்று நீரில் இறக்கும் படகில் பெட்ரோல் கால் தொட்டிதான் இருக்கும். பிடித்த மீனை உயிரோடு வைக்கும் லைவ்வெல் தொட்டிகள் காய்ந்து கிடக்கும். தூண்டில் பெட்டியோ ஈயக்குண்டோ கண்ணில் படாது. ஒரு கேலன் பெட்ரோல் சுமார் 6 பவுண்டு, ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. ஆகவே 40 கேலன் தொட்டியைக் காலிலிருந்து முழுமைக்கு நிரப்பினால் 180 பவுண்டும், 30 கேலன் லைவ்வெல்லை நிரப்பினால் ஏறத்தாழ 250 பவுண்டும் ஏறிவிடும். சாமான்களையும் சேர்த்தால், அவர்கள் காட்டிய படகுக்கும் நீங்கள் மீன் பிடிக்கப் போகும் படகுக்கும் இடையே 500 பவுண்டுக்கு மேல் வேறுபாடு வந்துவிடுகிறது. இந்த வகைப் படகு அடிப்பாகத்தைப் பெரும்பாலும் நீருக்கு மேலே தூக்கிக்கொண்டுதான் வேகம் எடுக்கிறது என்பதால், கூடும் ஒவ்வொரு பவுண்டும் அதை நீருக்குள் அழுத்தும். விற்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்தும், அந்த ஜிபிஎஸ் எண்ணைத்தான் நம் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள்.

இப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு. முழுச் சுமையோடு, முழு விசையில் ஓட்டி, என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கையேட்டில் சொன்ன வரம்புக்குக் கீழே நின்றால் புரொப்பெல்லரின் பிட்ச், அதாவது அது ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம், அதிகம் என்று பொருள். பிட்ச்சை 1 அங்குலம் குறைத்தால் சுற்று 150 முதல் 200 வரை கூடும். பொருத்தமான புரொப்பெல்லரை மாற்றித் தரும்படி டீலரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

கேள்வி: பழைய படகு ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். 65 மைலைத் தாண்டியதும் இடமும் வலமுமாகத் தொட்டில்போல் ஆடியது. “பழகினால் சரியாகிவிடும்” என்கிறார் உரிமையாளர். (புளோரிடா)

பதில்: அவர் சொல்வது பாதி உண்மை. ‘சைன் வாக்’ என்று படகுக்காரர்கள் சொல்லும் இந்த ஆட்டம், வேகத்தில் படகு எழுந்து அடியிலுள்ள குறுகிய பட்டையின் மேல் மட்டும் நிற்கும்போது வருவது. தேர்ந்த ஓட்டுநர் ஸ்டியரிங்கைச் சிறிது சிறிதாக அசைத்தே அதை அடக்கிவிடுவார்.

மீதிப் பாதியை நான் பணம் கொடுத்துக் கற்றேன். என் முதல் படகும் இப்படித்தான் ஆடியது. அதை விற்றவரும் இதே வாசகத்தைத்தான் சொன்னார். நானும் என் கை பழகவில்லை என்று 2 மாதம் என்னையே நொந்துகொண்டிருந்தேன். பிறகு ஒரு மெக்கானிக், டிரெய்லரில் நின்ற படகின் என்ஜினைக் கீழ்ப்பகுதியில் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டினார். என்ஜினோடு சேர்ந்து பின்பலகையும் அசைந்தது. போல்ட்டைச் சுற்றிப் பழுப்பு நீர் கசிந்தது. உள்ளே மரம் உளுத்துப் போயிருந்தது. நீங்களும் அதேபோல் ஆட்டிப் பாருங்கள். ஸ்டியரிங்கை ஒரு விரற்கடை திருப்பினால் என்ஜின் உடனே திரும்புகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மட்டுமே உரிமையாளர் சொல்வதை நம்பலாம்.

கேள்வி: நான் போய்ச் சேர்வதற்குள் என்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார். சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. நல்ல அறிகுறிதானே?

பதில்: இல்லை. சூடான என்ஜின் எளிதில் கிளம்பிவிடும்; குளிர்ந்த நிலையில் திணறுமா என்பது தெரியாது. இன்னொரு நாள் போய், என்ஜின் மூடியின் மேல் கை வைத்துப் பார்த்து, அது குளிர்ந்திருந்தால் மட்டும் சாவியைக் கேளுங்கள்.

கேள்வி: சோதனை ஓட்டத்தில் கில் சுவிட்ச் கயிற்றை (ஓட்டுநர் இடத்தைவிட்டுத் தூக்கி எறியப்பட்டால் என்ஜினை நிறுத்துவது) மாட்ட வேண்டாம் என்றார் விற்பனையாளர்.

பதில்: 26 அடிக்குக் குறைந்த இத்தகைய படகுகள் வேகமெடுத்து ஓடும்போது ஓட்டுநர் அதை மாட்டியிருக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். வேறு டீலரைப் பாருங்கள்.

கேள்வி: குறை தெரிந்தால் திருப்பித் தருவோம் என்று வாயால் சொல்லி 1,000 டாலர் முன்பணத்தைக் கார்டில் வாங்கினார்கள். ஓட்டி முடித்துப் பார்த்தால் கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தது. வேண்டாம் என்றேன், பணத்தைத் தர மறுக்கிறார்கள். (டென்னசி)

பதில்: நீங்கள் செய்தது முற்றிலும் சரி; எண்ணெய் வெளுத்தால் கியர்ப் பெட்டிக்குள் நீர் புகுந்திருக்கிறது. யார், எப்போது, என்ன சொன்னார் என்பதை நினைவிருக்கும்போதே எழுதி, பணத்தைத் திருப்பக் கோரி டீலருக்குக் கடிதம் அனுப்புங்கள். அத்தொகை இடம்பெற்ற முதல் கணக்கு அறிக்கை அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் கார்டு நிறுவனத்திடமும் எழுத்து மூலம் ஆட்சேபியுங்கள். மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவுக்கு ஒரு நகல் போகட்டும். மறுபடியும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: படத்தை மட்டும் பார்த்துவிட்டு, நேற்று டீலரின் கடையில் ஒப்பமிட்டேன். 3 நாட்களுக்குள் ரத்து செய்யலாமாமே?

பதில்: முடியாது. அந்தக் கூட்டாட்சி விதி வீட்டு வாசலிலோ தற்காலிக இடத்திலோ நடக்கும் விற்பனைக்கானது. விற்பவரின் நிரந்தரக் கடைக்கு நீங்களே நடந்துபோய் வாங்கியதற்குப் பொருந்தாது. ஒப்பந்தத்தில் தனி வாசகம் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். அதையாவது படித்துவிட்டுத்தான் ஒப்பமிட்டீர்கள் என்று நம்ப எனக்கும் ஆசைதான்.