பெங்களூரில் தயாரிக்கும் முருங்கைக் கேப்சூலை அமெரிக்காவில் விற்க என்ன அனுமதி வாங்க வேண்டும்?

கேள்வியின் விவரத்தில் நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவு. பொம்மனஹள்ளியில் சின்னதாக ஒரு நிறுவனம். அரவக்குறிச்சிப் பக்கமிருந்து முருங்கை இலை வாங்கி உலர்த்திப் பொடியாக்குகிறீர்கள். பீன்யாவில் ஒரு யூனிட் அதைக் கேப்சூலில் அடைத்துத் தருகிறது. எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லைசென்ஸ் இருக்கிறது. நியூஜெர்சியில் இருக்கும் மச்சான் அங்கே விற்றுத் தருவதாகச் சொல்கிறார். மலேசியாவிலும் விற்க முடியுமா என்று கேட்டு, பாக்கெட் படத்தையும் பகிர்ந்திருக்கிறீர்கள். இங்கே ஓர் ஏஜென்ட், 'எஃப்டிஏ அப்ரூவல்' (எஃப்டிஏ என்பது அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை) வாங்கித் தர எழுபதாயிரம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அப்படி ஓர் அப்ரூவலே கிடையாது.

நான் பெங்களூரில் பதினேழு வருடமாக இந்த ரெகுலேட்டரி வேலையில்தான், அதாவது பொருள்கள் அரசு விதிகளுக்குள் இருக்கின்றனவா என்று பார்க்கும் வேலையில்தான் இருக்கிறேன். முதலில் வேலை பார்த்த நிறுவனத்தின் வரவேற்பறையில் கழுகுப் படம் போட்ட 'எஃப்டிஏ சர்ட்டிஃபிகேட்' கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எஃப்டிஏ கொடுக்கவில்லை, யாரோ ஓர் இடைத்தரகர் அச்சடித்துக் கொடுத்த காகிதம் என்று தெரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. எஃப்டிஏ செய்வது பதிவு மட்டும். அதற்கு அவர்கள் பணம் வாங்குவதில்லை, சான்றிதழும் தருவதில்லை. பதிவு எண் ஒன்று வரும், அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு 'உங்கள் பொருள் நல்லது' என்று அர்த்தமே இல்லை.

அமெரிக்காவில் இந்த வகைப் பொருள்களுக்கு அடிப்படை 1994-இல் வந்த டிஷே சட்டம். அதன்படி டயட்டரி சப்ளிமென்ட் (உங்கள் கேப்சூல் மாதிரி, உணவோடு கூடுதலாகச் சாப்பிடும் பொருள்) என்பது உணவின் ஒரு பிரிவு. மருந்துக்கு இருப்பதுபோல விற்பனைக்கு முன் ஒப்புதல் வாங்கும் முறை இதற்கு இல்லை. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் ஒப்புதல் தருகிறவர் யாரும் இல்லாததால், தப்பு நடந்தால் முழுப் பொறுப்பும் தயாரித்தவர் மேலும் இறக்குமதி செய்தவர் மேலும்தான் வந்து விழும். உங்கள் கேள்வியில் 'அனுமதி' என்று வரும் இடத்தில் எல்லாம் 'பொறுப்பு' என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். எது முக்கியம், எது வெறும் காகிதம் என்பது தானாகப் பிரிந்துவிடும்.

முதலில் லேபிளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த பெரிய அடி அங்கேதான் விழுந்தது. 2018-இல் நான் இருந்த நிறுவனத்தின் சரக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் நின்றுவிட்டது. லேப் ரிப்போர்ட் எல்லாம் சுத்தம். பதிவு சரி. பிரச்சினை லேபிளின் அடியில் அச்சிட்டிருந்த வெப்சைட் முகவரி. அந்த வெப்சைட்டில் ஒரு வாடிக்கையாளர் எழுதியிருந்தார்: மூன்று மாதம் சாப்பிட்டதில் அம்மா சர்க்கரை மாத்திரையையே நிறுத்திவிட்டார் என்று. ஒரு பொருள் நோயைக் குணப்படுத்தும், கட்டுப்படுத்தும், தடுக்கும் என்று சொன்னால் அமெரிக்கச் சட்டத்தில் அது மருந்து. நாங்கள் ஒப்புதல் பெறாத மருந்தை உணவு என்று சொல்லி அனுப்பியதாக ஆகிவிட்டது. நுழைவு மறுக்கப்பட்டால் 90 நாளுக்குள் திருப்பி எடுக்க வேண்டும் அல்லது அழிக்க வேண்டும். திருப்பிக் கொண்டுவரும் செலவு சரக்கின் விலையைவிட அதிகம் என்பதால் அழித்தார்கள்.

பணம் போனதைவிட எனக்கு உறுத்தியது அந்த அம்மாதான். உண்மையிலேயே மாத்திரையை நிறுத்தியிருந்தால்? அந்த வரியைப் படித்துவிட்டு இன்னும் நான்கு பேர் நிறுத்தியிருந்தால்? அதற்குப் பிறகு இந்த விதியை நான் தொல்லை என்று நினைத்ததே இல்லை.

நீங்கள் பகிர்ந்த பாக்கெட் படத்தில் 'சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலிக்கு' என்று இருக்கிறது. அமெரிக்காவுக்கு இருக்கட்டும், இங்கேயே அது கூடாது. 1954-ஆம் வருடத்து மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அமெரிக்க லேபிளில் உடலின் இயல்பான இயக்கத்துக்குத் துணை என்ற அளவில் பேசலாம். உதாரணமாக, 'ஏற்கெனவே இயல்பான அளவில் உள்ள ரத்தச் சர்க்கரையைப் பேண உதவும்' என்ற மாதிரி. அதற்கும் கையில் ஆதாரம் இருக்க வேண்டும், விற்கத் தொடங்கி 30 நாளுக்குள் எஃப்டிஏவுக்குத் தெரிவிக்க வேண்டும். கூடவே, இந்தக் கூற்றை எஃப்டிஏ மதிப்பிடவில்லை, இது எந்த நோயையும் கண்டறியவோ குணப்படுத்தவோ தடுக்கவோ உரியதல்ல என்று சட்டம் சொல்லும் வாசகத்தை அச்சிட வேண்டும். வெப்சைட், இன்ஸ்டாகிராம், வாடிக்கையாளர் கடிதம் எல்லாவற்றையும் லேபிளின் நீட்சியாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

லேபிளில் மற்றவை: 'டயட்டரி சப்ளிமென்ட்' என்ற சொல், நிகர அளவு, சப்ளிமென்ட் ஃபேக்ட்ஸ் கட்டம் (உள்ளே என்ன, எவ்வளவு என்ற அட்டவணை), தாவரத்தின் எந்தப் பாகம் (உங்களுக்கு இலை), கேப்சூல் ஓடு முதலான மற்றச் சேர்மானங்கள், அமெரிக்க முகவரி அல்லது தொலைபேசி எண். நல்லெண்ணெய் எங்காவது சேர்கிறதா என்று பாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் அங்கே அறிவித்தாக வேண்டிய ஒவ்வாமைப் பொருள். இன்னொன்று, நம்மவர்கள் ஆசையாகச் செய்வது: பாக்கெட்டில் தமிழிலும் நாலு வரி போடலாமே என்று. போடலாம். ஆனால் வேறொரு மொழியில் எதையாவது சொன்னால், கட்டாய விவரங்கள் எல்லாமே அந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்பது விதி. சின்ன பாட்டிலில் அது நடக்கிற காரியமில்லை.

பதிவு விஷயம் உண்மையில் எளிது. பயோடெரரிசம் சட்டம் வந்த 2002-க்குப் பிறகு, அமெரிக்காவுக்கு உணவு அனுப்பும் வெளிநாட்டு யூனிட்டும் பதிவு செய்ய வேண்டும். கேப்சூல் அடைப்பது பீன்யா யூனிட் என்றால் அந்த யூனிட்டும் பதிவாகியிருக்க வேண்டும், உங்கள் அலுவலகம் மட்டும் போதாது. நிறுவனத்தை அடையாளம் காட்டும் ஒன்பது இலக்க டன்ஸ் எண் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். எஃப்டிஏ தொடர்புகொள்வதற்காக அமெரிக்காவில் வசிக்கும் ஒருவரை யுஎஸ் ஏஜென்ட்டாகக் குறிக்க வேண்டும், அவரும் ஒப்புக்கொண்டு உறுதி செய்ய வேண்டும். இரட்டைப்படை வருடங்களில் அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31-க்குள் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் பதிவு காலாவதி. ஒவ்வொரு சரக்குக்கும் முன்னறிவிப்பு தனி: விமானத்தில் என்றால் சேருவதற்குக் குறைந்தது 4 மணி நேரம் முன்பு, கப்பலில் 8 மணி நேரம். இதைப் பெரும்பாலும் கிளியரிங் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். கூரியரில் பத்துப் பத்து பாட்டிலாக அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 800 டாலருக்குள் இருந்தால் வரியில்லை என்ற சலுகை 2025 ஆகஸ்ட் 29-ஓடு போய்விட்டது. உணவுக்கான விதிகள் சின்னப் பார்சலுக்கும் உண்டு.

இப்போது உங்கள் மச்சான். அவர் வெறுமனே 'விற்றுத் தருகிறவர்' இல்லை. சரக்கு அவர் பெயரில் இறங்கினால் அவர்தான் இறக்குமதியாளர். 2011-இல் வந்த உணவுப் பாதுகாப்பு நவீனமாக்கல் சட்டத்தின் கீழ் எஃப்எஸ்விபி என்று ஒரு கடமை இருக்கிறது: வெளிநாட்டுத் தயாரிப்பாளர் பாதுகாப்பாகத்தான் தயாரிக்கிறாரா என்று இறக்குமதியாளர் சரிபார்த்து, அதற்கான பதிவேடு வைத்திருக்க வேண்டும். சின்ன இறக்குமதியாளருக்குச் சில தளர்வு உண்டு, ஆனால் முழு விலக்கு கிடையாது. எஃப்டிஏ வந்து கேட்டால் காட்ட வேண்டியவர் அவர். லேபிளில் அவருடைய பெயர் இருந்து, யாராவது கேப்சூல் சாப்பிட்டு மருத்துவமனையில் சேர்ந்ததாகத் தகவல் வந்தால், 15 வேலை நாளுக்குள் எஃப்டிஏவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டியவரும் அவரே. சொந்தக்காரர் என்பதால் 'பேரை மட்டும் போட்டுக்கொள்கிறேன்' என்று நாம் கேட்பதும், அவர் சரி என்பதும் சகஜம். ஹலசூரில் எங்கள் பக்கத்து வீட்டுக் குடும்பத்தில் இதே மாதிரி ஒரு விஷயத்தில் அண்ணன் தம்பி பேச்சே நின்றுபோனது. எழுத்தில் எல்லாவற்றையும் சொல்லி, அவர் படித்துப் பார்த்த பிறகு கேளுங்கள். பொருள் பொறுப்புக் காப்பீடும் இருவருமாகச் சேர்ந்து யோசியுங்கள்.

அடுத்தது இலை. இதில்தான் உங்கள் பணமும் நேரமும் போக வேண்டும்.

2016-இல் அமெரிக்காவில் முருங்கை இலைப் பொடி சேர்த்த ஒரு பானப் பொடியால் சால்மோனெல்லா என்ற குடல் கிருமி பரவி, 23 மாநிலங்களில் 33 பேர் பாதிக்கப்பட்டார்கள். கீரை நாம் வீட்டில் வதக்கிச் சாப்பிடுவது. கேப்சூலில் அது பச்சையாகவே போகிறது, அடுப்பைப் பார்ப்பதே இல்லை. மொட்டை மாடியில் உலர்த்தினால் பறவை எச்சம், பல்லி எச்சம். கழுவிய தண்ணீர் சரியில்லை என்றால் அதிலிருந்தும் வரும். நிழலில், வலைக்குள், தட்டுகளில் உலர்த்துகிறார்களா என்று நீங்களே அரவக்குறிச்சிக்குப் போய் ஒருமுறை பாருங்கள். பிறகு நீராவியால் கிருமி நீக்கம் செய்யுங்கள். பச்சை நிறம் கொஞ்சம் மங்கும், மங்கட்டும். எத்திலீன் ஆக்சைடு வாயு போடலாம் என்று சில யூனிட்டுகள் சொல்வார்கள். நாளைக்கு ஐரோப்பா பக்கம் போக நினைத்தால் அது கதவை அடைத்துவிடும். 2020-இல் இந்திய எள்ளில் அந்த எச்சம் கண்டுபிடிக்கப்பட்டு அங்கே எத்தனை பொருள்கள் கடைகளிலிருந்து திரும்பி வந்தன என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாரும் மறக்கவில்லை.

அப்புறம் ஈயம். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு கேப்சூல் 500 மில்லிகிராம், நாளுக்கு நான்கு என்றால் 2 கிராம் பொடி. பொடியில் ஈயம் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருந்தால் ஒருவர் நாளொன்றுக்கு 2 மைக்ரோகிராம் ஈயம் சாப்பிடுகிறார். கலிபோர்னியாவின் புரொபொசிஷன் 65 விதியில் ஈயத்துக்கான அளவு நாளுக்கு 0.5 மைக்ரோகிராம். அதைத் தாண்டினால் பாட்டிலில் எச்சரிக்கை வாசகம் போட வேண்டும். போடாமல் விற்றால் தனியார்கூட வழக்குப் போடலாம், போடுகிறார்கள். அதே பொடி சிங்கப்பூரில் எந்தச் சிக்கலும் இல்லாமல் போகும், ஏனென்றால் அங்கே ஹெல்த் சப்ளிமென்ட்டில் ஈயத்துக்கான வரம்பு 10 பிபிஎம். நெடுஞ்சாலை ஓரத்துத் தோட்டத்து இலையை நான் வாங்கவே விடமாட்டேன். அரைக்கும் இயந்திரத்தையும் சந்தேகப்படுங்கள்.

அமெரிக்காவுக்கான தயாரிப்பு விதி 21 சிஎஃப்ஆர் 111, 2007-இல் வந்தது. இதில் எல்லோரும் சறுக்கும் ஓர் இடம்: வரும் ஒவ்வொரு லாட் (ஒரே தவணையில் வரும் சரக்கு) இலையும் உண்மையிலேயே முருங்கைதானா என்று தயாரிப்பாளர் தானே சோதித்து உறுதி செய்ய வேண்டும். விற்றவர் கொடுத்த சிஓஏ தாளை (சோதனை முடிவுச் சான்றை) கோப்பில் செருகினால் போதாது. எச்பிடிஎல்சி என்ற அடையாளச் சோதனை செய்யும், என்ஏபிஎல் (லேப்களைச் சரிபார்க்கும் இந்திய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற லேப்கள் பெங்களூரிலேயே இருக்கின்றன. பேட்ச் பதிவேடு, மாதிரி எடுத்து வைப்பது எல்லாம் பீன்யா யூனிட்காரர் செய்கிறாரா என்று கேளுங்கள். 'எல்லாம் இருக்கு சார்' என்றால், போன மாதத்து ஒரு பேட்ச் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

இலைப் பொடியாக இருக்கும்வரை உங்களுக்கு ஒரு தலைவலி குறைவு. கரைப்பான் கொண்டு எடுத்த எக்ஸ்ட்ராக்டுக்கு (செறிவூட்டிய சாறுக்கு) மாறினால், அது 1994 அக்டோபர் 15-க்கு முன் அங்கே விற்பனையில் இருந்ததா என்ற கேள்வி வரும். இல்லையென்றால், விற்பதற்கு 75 நாள் முன்பே பாதுகாப்பு ஆதாரங்களோடு எஃப்டிஏவுக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும்.

இந்தியப் பக்கம்: ஐஇசி எண் (ஏற்றுமதி இறக்குமதிக்கான குறியீட்டு எண்), எஃப்எஸ்எஸ்ஏஐ மத்திய லைசென்ஸ் (மாநில லைசென்ஸ் வைத்துக்கொண்டு ஏற்றுமதி செய்ய முடியாது), தாவரப் பொருள் என்பதால் வாங்குகிற நாடு கேட்டால் பைட்டோசானிட்டரி சான்று (பூச்சி, தாவர நோய் இல்லை என்ற சான்று).

மலேசியாவையும் கேட்டிருந்தீர்கள். அங்கே கதை தலைகீழ். என்பிஆர்ஏ என்ற மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் முன்கூட்டியே பதிவு செய்து 'மால்' என்று தொடங்கும் எண் வாங்க வேண்டும், பதிவு உள்ளூர் நிறுவனத்தின் பெயரில் இருக்கும், 5 வருடம் செல்லும். விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் ஓடு அங்கே விற்பனைக்கு இடைஞ்சல், தாவர ஓட்டுக்கு மாறிவிடுங்கள். கனடாவிலும் முன் ஒப்புதல் உண்டு, என்பிஎன் என்ற எட்டு இலக்க ஒப்புதல் எண் தருவார்கள். ஐரோப்பாவை இப்போதைக்கு விட்டுவிடலாம். அங்கே நாட்டுக்கு நாடு மாறும். அஸ்வகந்தாவை 2023-இல் டென்மார்க் தடை செய்தது, பக்கத்து நாடுகள் சிலவற்றில் விற்கிறது.

இந்த மாதம் செய்ய வேண்டியது: பாக்கெட்டிலும் வெப்சைட்டிலும் உள்ள அந்த நோய் வரியை இன்றே எடுங்கள். ஒரு லாட் இலையை லேபுக்கு அனுப்பி, 25 கிராமில் சால்மோனெல்லா, ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம், அடையாளச் சோதனை எல்லாம் பாருங்கள். ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வைத்திருந்த எழுபதாயிரத்தை இதற்குச் செலவழியுங்கள். ரிப்போர்ட் வருவதற்குள், மச்சானைப் பற்றி எழுதிய பத்தியை மட்டுமாவது அவருக்கு அனுப்பி வையுங்கள். படித்த பிறகும் அவர் சரி என்றால் பதிவைத் தொடங்கலாம்.