வெள்ளை மீன் ஏன் பஞ்சாகிப் போகிறது?

கேள்வி: எண்ணெயைக் குறைக்கச் சொல்லிவிட்டார் மருத்துவர். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இரவுக்கு மீன் செய்யலாம் என்று, முள் நீக்கிய வெள்ளை மீன் துண்டுகளை வாங்கி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். நிறைய எண்ணெயில் பொரித்தால் நன்றாக வருகிறது. எண்ணெயைக் குறைத்தால் வாணலியில் ஒட்டி உதிர்கிறது. ஓவனில் வைத்தால் பஞ்சைத் தின்பது போல் இருக்கிறது. தடவிய மசாலா தண்ணீரோடு வழிந்து போகிறது. வேலையிலிருந்து வந்து அரை மணி நேரத்துக்குள் முடிகிற மாதிரி ஏதாவது வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் முதலில் ஒன்று. நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளும் எண்ணெய் குறைந்ததால் வந்தவை அல்ல. ஈரம் போகாத மீனை அடுப்பில் ஏற்றுவதும், வெந்த பிறகும் இறக்காமல் விடுவதும்தான் காரணம். பொரிக்கும்போது கொதிக்கிற எண்ணெயும் மேலே பூசிய மாவும் இந்த இரண்டு தவறையும் மறைத்துவிடுகின்றன.

மீன் சதையை உற்றுப் பாருங்கள். மெல்லிய மடல்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஒரு மடலையும் அடுத்ததையும் ஒட்டவைத்திருப்பது ஒரு சவ்வு, அவ்வளவுதான். இறைச்சியில் இந்த இணைப்புத் திசு தடிமனானது. அது இளக மணிக்கணக்கில் கொதிக்க வேண்டும். மீனில் சுமார் 50 டிகிரி செல்சியஸிலேயே அது இளக ஆரம்பித்துவிடும். அறுபதைத் தாண்டினால் சதை இழைகள் சுருங்கி, உள்ளே இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். ‘இன்னும் கொஞ்சம் வேகட்டும், மெத்தென்று ஆகும்’ என்ற கணக்கு மீனிடம் செல்லாது.

அதிலும் வெள்ளை மீனில் கொழுப்பு மிகக் குறைவு. நூறு கிராம் காட் மீனில் சுமார் 18 கிராம் புரதம் இருக்கிறது, கொழுப்போ ஒரு கிராம்கூட இல்லை. திலாப்பியாவில் கொழுப்பு இரண்டு கிராமுக்கும் கீழ்தான். காட் போன்ற மீன்கள் கொழுப்பைச் சதையில் வைக்காமல் ஈரலில் சேர்த்து வைக்கின்றன. காட் லிவர் ஆயில் என்று ஒரு பொருளே அதனால்தான் இருக்கிறது. சால்மனை இரண்டு நிமிடம் கூடுதலாக வேகவிட்டாலும் அதன் கொழுப்பு காப்பாற்றிவிடும். வெள்ளை மீனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

சரி, ஃப்ரீசரிலிருந்து தொடங்குவோம். சமைக்கிற நாளுக்கு முந்தைய இரவே மீனை ஒரு தட்டில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். காற்று உறிஞ்சிய பிளாஸ்டிக் உறையில் வந்திருந்தால், உறையைக் கிழித்துவிட்டு வைக்க வேண்டும். காற்றில்லாத உறைக்குள் குளிர் குறையும்போது நஞ்சு உண்டாக்கும் ஒரு வகைக் கிருமி வளர வாய்ப்பு உண்டு. பலர் கவனிக்காமல் விடுகிற விஷயம் இது. எடுத்து வைக்க மறந்துவிட்டீர்களா? வேறொரு ஜிப் பையில் போட்டு இறுக மூடி, குளிர்ந்த தண்ணீரில் அமுக்கி வையுங்கள். அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் இளகிவிடும். வெந்நீர் மட்டும் வேண்டாம். வெளிப்பக்கம் வேகத் தொடங்கிவிடும், நடுவில் பனிக்கட்டி அப்படியே இருக்கும்.

பாக்கெட்டின் பின்பக்கத்தையும் ஒரு முறை படித்துப் பாருங்கள். மீன் என்ற ஒரே வார்த்தை இருந்தால் நல்லது. தண்ணீர், பாலிஃபாஸ்ஃபேட், இ451, இ452 என்றெல்லாம் இருந்தால் அந்தத் துண்டுகள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கின்றன என்று அர்த்தம். வாணலியில் ஏற்றியதும் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு வெளியே வரும். உங்கள் மசாலா கரைந்து போவது இதனால்கூட இருக்கலாம். உடலுக்கு ஆகாது என்று சொல்லவில்லை. ஆனால் மீன் விலையில் தண்ணீர் வாங்குகிறோம். தவிர, அந்தத் துண்டு வறுவலுக்குச் சரிப்படாது.

இளகிய மீனின் மேல் உப்பு. இரண்டு பேருக்கு 300 கிராம் மீன் என்றால் தூள் உப்பு அரை டீஸ்பூன், அதாவது மூன்று கிராம் அளவு. இரண்டு பக்கமும் தூவிப் பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் கைகால் கழுவி, வெங்காயம் வெட்டுகிற நேரம்தான். அதற்குள் மீனின் மேல் வியர்வை போல நீர் பூத்திருக்கும். சமையலறைக் காகிதத்தை மேலேயும் கீழேயும் வைத்து உள்ளங்கையால் ஒற்றி எடுங்கள். காகிதம் நனைந்தால் இன்னொன்று. விரலால் தொட்டால் வழுக்காமல், லேசாக ஒட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். அதுதான் பதம். உப்பு ஏறிய சதை கொஞ்சம் இறுகி, அடுப்பில் நீரை எளிதில் விடாது. அதற்கப்புறம் மீனுக்கு உப்புச் சேர்க்காதீர்கள். நாளுக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தலைக்கு ஒன்றரை கிராம் இங்கேயே போய்விட்டது.

எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். புளிப்பு, அடுப்பே இல்லாமல் சதையை வெளுக்கவைத்து இறுக்கிவிடும். வாடைக்காகத்தானே பிழிகிறோம், அதைப் பரிமாறும்போது பிழிந்தாலும் வேலை செய்யும். மசாலாவையும் தண்ணீர் விட்டுக் குழைக்க வேண்டாம். மிளகு, பூண்டு, மஞ்சள், எது போட்டாலும் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெய் என்பது ஏறக்குறைய 40 கலோரி. இரண்டு பேருக்குப் பிரித்தால் ஒன்றுமே இல்லை.

இனி வழிகள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது காகிதப் பொட்டலம். பேக்கிங் காகிதத்தை இரண்டு முழங்கை அகலத்துக்கு இழுக்காதீர்கள், ஒரு பெரிய தட்டளவு போதும். அதை நடுவில் மடித்து விரித்து, ஒரு பாதியில் மெல்லிதாகச் சீவிய வெங்காயம், குடைமிளகாய், தக்காளி பரப்புங்கள். கேரட், பீன்ஸ் போட ஆசை என்றால் முன்பே அரைவேக்காடு ஆக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மீன் வேகும் நேரத்தில் அவை வேகாது. மேலே மீன், அதன் மேல் மசாலா. மறு பாதியை மூடி, ஓரத்தைச் சின்னச் சின்ன மடிப்பாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற மாதிரி அழுத்தி மடித்துக்கொண்டே வாருங்கள். 200 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில், இரண்டு சென்டிமீட்டர் தடிமனான துண்டுக்குப் பன்னிரண்டு நிமிடம். பொட்டலம் உப்பிக்கொண்டு வரும். மீன் தன் ஆவியிலேயே வேகிறது, விட்ட நீர் காய்கறியோடு சேர்ந்து குழம்பாகிறது. திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஆவி சுடும்.

ஓவன் இல்லையென்றால் அதே அடுக்கை ஒரு குழித்தட்டில் வைத்து ஆவியில் வேகவிடலாம். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் தட்டை உள்ளே வைக்க வேண்டும். ஏழெட்டு நிமிடம்.

அடுத்தது வாணலி. நீங்கள் தோற்றது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக. அடி கனமான வாணலி, நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலான தீ, நன்றாகக் காயட்டும். எண்ணெயை வாணலியில் ஊற்றுவதற்குப் பதில் மீனின் மேல் தடவுங்கள். பாதி எண்ணெயில் வேலை முடியும். தடவும் முன் ஒரு டீஸ்பூன் அரிசி மாவைத் தூவித் தட்டிவிட்டால் இன்னும் நல்லது. மீனை உங்கள் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாகச் சாய்த்துப் போட்டு, கரண்டியால் பத்து விநாடி மெதுவாக அமுக்குங்கள். அப்புறம் மூன்று நிமிடம் கை வைக்கக் கூடாது. கஷ்டமான பகுதி இதுதான். எனக்கே கை துறுதுறுக்கும். அடியில் பொன்னிறம் ஏறியதும் மீன் தானாகவே வாணலியை விட்டுவிடும். ஓரத்தைத் தூக்கும்போது ஒட்டினால், இன்னும் நேரம் ஆகவில்லை என்றுதான் பொருள். சுரண்டாதீர்கள், அரை நிமிடம் பொறுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் வெண்மை கீழிருந்து மேலே ஏறுவது தெரியும். மூன்றில் இரண்டு பங்கு ஏறியதும் அகலமான தட்டைக் கரண்டியால் ஒரே ஒரு முறை திருப்பி, ஒரு நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள். மீதி வேக்காட்டை வாணலியின் சூடு பார்த்துக்கொள்ளும்.

தண்ணீர் விடுகிற ரகமாக இருந்தால் வறுவலை மறந்துவிட்டுத் தக்காளியில் போடுங்கள். பூண்டு, வெங்காயம், தக்காளி எல்லாம் சுருள வதங்கி, கெட்டியாகி, உப்புக் காரம் சரியாகி முடிந்த பிறகே மீனை அதில் போட வேண்டும். மூடி, தீயைச் சிறிதாக்கி ஆறு நிமிடம். கரண்டி போடாமல் பாத்திரத்தையே பிடித்து லேசாக ஆட்டுங்கள். பாசா மாதிரி மெத்தென்ற மீனுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. காட், ஹேடாக் போல மடல் பெரிதான மீன்கள் ஓவனுக்குப் பொருத்தம். சோல் போன்ற தட்டை மீன்கள் வாணலியில் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

பொரித்த மீனின் மொறுமொறுப்புக்கு நாக்கு ஏங்குகிறதா? ரொட்டித் தூளை ஒரு டீஸ்பூன் எண்ணெயில் தனியாக வாணலியில் பொன்னிறமாக வறுத்துக்கொள்ளுங்கள். மீனின் மேல் கொஞ்சம் கெட்டித் தயிர் தடவி, அந்தத் தூளை அப்பி, 220 டிகிரியில் பத்து நிமிடம். பச்சைத் தூளை அப்பினால் அது சிவக்கிற நேரத்துக்குள் மீன் பஞ்சாகிவிடும். பல வருடம் நான் அப்படித்தான் செய்து, ஓவனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

எந்த வழியானாலும் துண்டின் வால்பகுதி மெலிந்திருந்தால் அதை அடியில் மடித்துவிடுங்கள், தடிமன் ஒன்றுபோல் ஆகும். வெந்ததா என்று பார்க்க, தடிமனான இடத்தில் முள்கரண்டியைக் குத்தி லேசாகத் திருகுங்கள். மடல்கள் வழுக்கிப் பிரிய வேண்டும். நடுவில் நூலளவு கண்ணாடித்தன்மை மிச்சமிருந்தால் அப்போதே இறக்குங்கள். தட்டுக்கு வருவதற்குள் அதுவும் வெண்மையாகிவிடும். உணவு வெப்பமானி இருந்தால் பாதுகாப்புக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு 63 டிகிரி. கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புக் குறைந்தவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் இந்த அளவைத் தொட்ட பிறகே இறக்க வேண்டும்.

உணவு விஷயத்தில் ஒரு திருத்தம். வெள்ளை மீனில் புரதம் நிறைய, கலோரி குறைவு, சரிதான். ஆனால் எல்லாரும் சொல்கிற ஒமேகா 3 இதில் கொஞ்சம்தான். மூன்று இரவு மீன் என்றால் அதில் ஒன்றை மத்தி, கானாங்கெளுத்தி, சால்மன் போன்ற கொழுப்பு மீனுக்கு ஒதுக்குங்கள். மருத்துவர் குறைக்கச் சொன்னது எண்ணெயை. மீன் கொழுப்பும் அதில் சேருமா என்று அடுத்த முறை அவரிடமே கேட்டுவிடுங்கள்.

மீந்துபோனால் மூடி, ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் இத்தனை நேரம் தப்பித்த மீன் அங்கே பஞ்சாகும். உதிர்த்துவிட்டு, பொடியாக வெட்டிய வெங்காயம், மிளகு, எலுமிச்சைச் சாறு கலந்து குளிர்ச்சியாகவே ரொட்டிக்கு நடுவில் வைத்துச் சாப்பிடுங்கள்.