சனல் வருகிறது, நெட் வரவில்லை: வாசகர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் அதிகமானவை டிஷ் பெட்டியை வீட்டு இணையத்தோடு இணைப்பது பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் டிஷ் பெட்டியில் சனல் எல்லாம் தெளிவாக வருகிறது. யூடியூப்பைத் திறந்தால் மட்டும் ‘இணைய இணைப்பு இல்லை’ என்கிறது. ரவுட்டரில் இருந்து லேன் வயர் போட்டிருக்கிறோம். ஃபோனில் வைஃபை நன்றாக வேலை செய்கிறது. ஃபக்டரி ரீசெட் செய்யும்படி கடையில் சொன்னார்கள். செய்யலாமா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: வேண்டாம். ரீசெட் செய்தால் சனல் பட்டியலும் பதிவு செய்ய வைத்த நேரங்களும் அழிந்துபோகும். கோளாறு பெரும்பாலும் அப்படியே இருக்கும். சனல் டிஷ்ஷிலிருந்து கோஎக்ஸ் எனும் டிஷ் வயரில் வருகிறது. யூடியூப் ரவுட்டரிலிருந்து லேன் வயரில் வருகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பாதைகள். சனல் நன்றாக இருக்கும்போது டிஷ்ஷையோ, அதன் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பியையோ தொடவே தேவையில்லை.

முதலில் பெட்டியின் பின்னால் லேன் வயர் செருகும் இடத்தில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் வயர், அதன் முனை, அல்லது ரவுட்டரின் துளை பழுதாக இருக்கலாம். வயரை ரவுட்டரின் வேறு துளைக்கு மாற்றுங்கள். அதே வயரை ஒரு லப்டொப்பில் செருகி, வைஃபையை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்றால் லேன் வயரின் ஆர்ஜே45 முனையில் உள்ள உலோகத் தகடுகள் பச்சை பிடிக்கும். அதைச் சுரண்டிப் பயனில்லை, முனையை வெட்டிப் புதிதாக அடிக்க வேண்டும்.

விளக்கு எரிந்தால் பெட்டியின் நெட்வொர்க் பக்கத்தில் ஐபி முகவரியைப் பாருங்கள். 0.0.0.0 என்றோ 169.254 என்று தொடங்கியோ இருந்தால், ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை. அண்மையில் ரவுட்டரை மாற்றினீர்களா? பழைய ரவுட்டரின் முகவரிகள் 192.168.1 என்றும் புதியதில் 192.168.8 என்றும் தொடங்கலாம். பெட்டியில் யாராவது முன்பு முகவரியைக் கையால் எழுதி வைத்திருந்தால், அது இல்லாத ரவுட்டரைத் தேடிக்கொண்டே இருக்கும். கொழும்பில் பழைய தொலைபேசி லைன் இணைப்பிலிருந்து ஃபைபருக்கு மாறிய வீடுகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். ரவுட்டரே முகவரி கொடுக்கும் முறையான டிஎச்சிபியை ‘ஓன்’ செய்து பெட்டியை மறுபடி இயக்கினால் போதும்.

முகவரி சரியாக இருந்தும் நெட் இல்லையென்றால் தளப் பெயர்களை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டுப் பாருங்கள். கடைசியாகப் பெட்டியின் திகதி. அது 1970 என்றோ பல வருடங்கள் பிந்தியோ காட்டினால், பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவை என்று நினைத்துப் பெட்டி எல்லாத் தளங்களையும் மறுத்துவிடும். திகதியைச் சரிசெய்து, நேர வலயத்தைக் கொழும்பு, +5:30 என்று வையுங்கள்.

கேள்வி: கரண்ட் போய் வந்தால் ஒவ்வொரு முறையும் பெட்டியில் நெட் இல்லை. பெட்டியை அணைத்துப் போட்டால் வந்துவிடுகிறது. (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: பெட்டி சீக்கிரம் எழும்பிவிடுகிறது, ஃபைபர் மொடமும் ரவுட்டரும் தயாராகச் சில நிமிடம் எடுக்கின்றன. பெட்டி முகவரி கேட்கும் நேரத்தில் கொடுக்க ஆள் இல்லை. சில பெட்டிகள் ஓரிரு தடவை கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிடும். ரவுட்டருக்கும் மொடத்துக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வைப்பதுதான் நல்ல தீர்வு. வாங்குமுன் இரண்டின் அடப்டரிலும் எழுதியுள்ள வோல்ட், அம்பியர் அளவைப் பாருங்கள். இரண்டின் அம்பியரையும் கூட்டி, அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் யுபிஎஸ்ஸையே எடுங்கள். ஜெனரேட்டர் உள்ள தொடர்மாடிகளிலும் இது தேவை. மெயினிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும் சில விநாடிகளே ரவுட்டரை அணைத்துவிடப் போதும்.

கேள்வி: மேல்மாடி அறையில் பெட்டிக்கு யுஎஸ்பி துளையில் செருகும் வைஃபை டொங்கிள் போட்டிருக்கிறோம். படம் நின்று நின்று ஓடுகிறது. ரிப்பீட்டர் வாங்கலாமா? (வாசகர், தெஹிவளை)

பதில்: ரிப்பீட்டரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் மலிவான ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கிவிடும்.

டிவிக்குப் பின்னால், பெட்டியின் உலோக மூடியோடு ஒட்டியபடி டொங்கிள் இருந்தால் அலை வந்து சேராது. ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி டொங்கிளை டிவியின் ஓரத்துக்கு வெளியே கொண்டுவாருங்கள். பெட்டியில் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் இருந்தால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அந்த இணைப்பு வைஃபை பாவிக்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சல் கிளப்பும். பிறகு ரவுட்டரில் 2.4 கிகாஹேர்ட்ஸின் வைஃபை சனல் எண்ணை (டிவி சனல் அல்ல) 1, 6, 11 ஆகியவற்றில் அக்கம்பக்கத்தார் குறைவாகப் பாவிக்கும் ஒன்றுக்கு மாற்றி, அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸில் வையுங்கள். வீடுகள் நெருங்கிய இடத்தில் 40 வைத்தால் நன்மையைவிடத் தொல்லையே அதிகம். ரவுட்டரில் வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய டொங்கிள் இணையவே இணையாது. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றுங்கள்.

இதெல்லாம் செய்தும் திணறினால் வயர் இழுங்கள். எங்கள் கருத்தில், வீட்டுக்குள் அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும் எந்தப் பெட்டிக்கும் வயர்தான் சரி. கெட்5ஈ வகை லேன் வயர் போதும், 100 மீட்டர் வரை தாங்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கும்போது முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினிய வயர் வளைக்கும் இடத்தில் முறியும். 230 வோல்ட் வயர் போகும் பைப்புக்குள் லேன் வயரை ஒருபோதும் விடாதீர்கள். முனை அடிக்கும்போது இரு பக்கமும் ஒரே வரிசை: வெள்ளை–செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை–பச்சை, நீலம், வெள்ளை–நீலம், பச்சை, வெள்ளை–மண்ணிறம், மண்ணிறம். சிலர் பச்சை ஜோடியைப் பிரிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் அடித்துவிடுவார்கள். அப்போது 3ஆம், 6ஆம் கம்பிகள் ஒரே முறுக்கில் இருக்காது. விளக்கு எரியும், முகவரியும் கிடைக்கும், நீளமான வயரில் படம் மட்டும் தடுமாறும். இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் வீணாகும்.

சுவரைத் துளைக்க முடியாத வாடகை வீடு என்றால் மின்வயர் வழியாக நெட் அனுப்பும் பவர்லைன் அடப்டர் ஜோடி பார்க்கலாம். இரண்டையும் நேரே சுவர்ச் சொக்கட்டிலேயே செருகுங்கள். சேர்ஜ் புரொட்டெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷனில் போட்டால் அது சிக்னலைத் தின்றுவிடும். மூன்று ஃபேஸ் வீட்டில் மேல்மாடி வேறு ஃபேஸில் இருந்தால் பலன் குறைவு. திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைக்காரர் சம்மதித்தால் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: டிஷ் கோஎக்ஸ் வயர் ஏற்கெனவே அறைக்கு அறை ஓடுகிறது. அதிலேயே நெட்டையும் அனுப்ப ஒரு கருவி இருக்கிறதாமே? (வாசகர், மட்டக்குளி)

பதில்: மோக்கா என்ற கருவியைச் சொல்கிறீர்கள். டிஷ் ஓடும் வயரில் அது ஒத்துவராது. டிஷ் சிக்னல் அந்த வயரில் 950 முதல் 2150 மெகாஹேர்ட்ஸ் வரை இருக்கிறது. வீட்டுப் பாவனைக்கு விற்கும் மோக்கா பொதுவாக 1125 முதல் 1675 வரை பாவிக்கும். இரண்டும் மோதும். போதாததற்கு எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட்டும் அதே வயரில் போகிறது. டிஷ்ஷோடு தொடர்பில்லாத பழைய கோஎக்ஸ் வயர் ஒன்று சும்மா கிடந்தால் அதில் தாராளமாகப் போடலாம்.

கேள்வி: 4ஜி ரவுட்டர் வாங்கி டிஷ் பெட்டிக்கு மேலேயே வைத்தோம். அன்றிலிருந்து சில சனல்கள் மட்டும் கட்டம் கட்டமாக உடைகின்றன. (வாசகி, வத்தளை)

பதில்: ரவுட்டரைக் குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி, முடிந்தால் ஜன்னல் பக்கம் வையுங்கள். 1800 மெகாஹேர்ட்ஸ் 4ஜியில் ரவுட்டர் கோபுரத்துக்கு அனுப்புவது 1710–1785 மெகாஹேர்ட்ஸில். மேலே சொன்ன டிஷ் அளவுக்குள் அதுவும் விழுகிறது. கோஎக்ஸ் வயரின் உறையோ அதன் நுனியில் உள்ள எஃப் முனையோ சரியில்லாவிட்டால் உள்ளே புகுந்துவிடும். உங்கள் எல்என்பி யுனிவர்சல் வகை என்றால், உடையும் சனல்களின் டிரான்ஸ்பொண்டர் அலைவரிசையை (மெகாஹேர்ட்ஸில்) பாருங்கள். 11460–11535 அல்லது 12310–12385 என்ற இடைவெளிகளுக்குள் இருந்தால் காரணம் இதுதான். வயரில் திருகிப் பூட்டும் மலிவு எஃப் முனையைக் கழற்றி, கருவியால் வயரில் அழுத்திப் பூட்டும் வகையைப் போடுங்கள்.

கேள்வி: இடி மின்னலுக்குப் பிறகு பெட்டியின் லேன் விளக்கு எரியவே இல்லை. சனல் வருகிறது. (வாசகர், இரத்மலானை)

பதில்: அந்த வயர் லப்டொப்பில் வேலை செய்தால் பெட்டியின் லேன் பகுதி பழுதாகியிருக்கிறது. லினக்ஸில் ஓடும் பெட்டி என்றால் யுஎஸ்பி லேன் அடப்டரை ஏற்கக்கூடும். உங்கள் மொடலுக்கு எந்தச் சிப் ஒத்துவரும் என்று பார்த்து வாங்குங்கள். சேவை நிறுவனங்கள் பூட்டிக் கொடுக்கும் பெட்டிகள் பெரும்பாலும் ஏற்காது, அவர்களிடமே மாற்ற வேண்டும். ரவுட்டரின் அந்தத் துளையையும் சோதியுங்கள், சேர்ந்தே போயிருக்கலாம்.

கூரையில் உள்ள டிஷ்ஷும் ரவுட்டருக்குப் போகும் லேன் வயரும் பெட்டியில் சந்திக்கின்றன. மின்னலால் வரும் மின்னோட்டம் ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கும். பிளக்கை மட்டும் கழற்றினால் இந்தப் பாதை அப்படியே இருக்கும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடி தொடங்குமுன் பிளக், கோஎக்ஸ், லேன் மூன்றையும் கழற்றுங்கள். இடி இடிக்கத் தொடங்கிவிட்டால் வயர்களில் கை வைக்காதீர்கள். டிஷ் கம்பத்துக்கு எர்த் போடப்பட்டிருக்கிறதா என்று ஒரு எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள்.