மேடைக்கு முன்னே விடப்படும் வெற்றிடம்

கேள்வி: பரிசுத்த ஆவியின் அனுபவத்தை முதன்மையாகக் கொள்ளும் கிறிஸ்தவப் பிரிவான பெந்தெகொஸ்தே சபைகள் இக்காலத்தில் கட்டும் ஆலயங்கள் பல, மாநாட்டு மண்டபங்களைப் போலவே தோன்றுகின்றன. வண்ணக் கண்ணாடி இல்லை, சொரூபம் இல்லை. சிலவற்றில் கோபுரம்கூட இல்லை. இவற்றின் கட்டட அமைப்பில் குறியீடு என்று எதையேனும் சொல்ல முடியுமா?

பதில்: நிச்சயமாகச் சொல்லலாம். ஆனால் அதைச் சுவர்களில் தேடாமல், மக்கள் எங்கே அமர்கிறார்கள், எழுந்து எங்கே வருகிறார்கள் என்பதில் தேட வேண்டும்.

1906-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் அசூசா தெருவில் போதகர் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களிலிருந்தே பெந்தெகொஸ்தே இயக்கம் உலகெங்கும் பரவியது. முன்பு ஆலயமாக இருந்து, பிறகு கிடங்காகவும் லாயமாகவும் பயன்பட்ட பழைய கட்டடம் அது. மரப்பெட்டிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததே பிரசங்க மேடை. ஆணிப் பீப்பாய்களின் மேல் பரப்பிய பலகைகளே இருக்கைகள். மேடை நடுவில் இருந்ததால், வந்தவர்கள் அதைச் சூழ்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி அமர்ந்தார்கள். பரிசுத்த ஆவியானவர் யார்மீதும் இறங்கலாம், யாரும் எழுந்து சாட்சி சொல்லலாம் என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறில்லை. இன்றைய ஆலயங்களில் விசிறி போல் விரியும் இருக்கை வரிசைகளில் அந்த நெருக்கத்தின் சாயலைக் காண்கிறேன்.

மேடைக்கும் முதல் வரிசைக்கும் இடையே விடப்படும் வெற்றிடத்தை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஜெபத்துக்காக முன்வருகிறவர்கள் முழங்கால்படியிடும் இடம் அது. கல்லால் ஆன பலிபீடம் இல்லாத இச்சபைகளில் அந்த வெறுந்தரையையே பீடம் என்று அழைக்கிறார்கள். இந்த ஆலயங்களின் மிக ஆழமான குறியீடு இதுவே என்பது என் கருத்து. மனிதர் வந்து நிற்கும்போதுதான் அது பீடமாகிறது.

ஞானஸ்நானத் தொட்டி பெரும்பாலும் மேடைக்குப் பின்னே, சபையார் அனைவரும் காணும்படி அமைகிறது. படியிறங்கி நீரில் மூழ்குவது கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்படுவதையும், எழுந்து வெளியேறுவது உயிர்த்தெழுதலையும் குறிக்கின்றன.

கண்ணுக்கு நேராகத் தெரியும் குறியீடுகளும் இல்லாமலில்லை. அமெரிக்காவின் டல்சா நகரில் உள்ள ஓரல் ராபர்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 1967-இல் திறக்கப்பட்ட 200 அடி உயர ஜெப கோபுரத்தின் உச்சியில் ஓர் அணையா விளக்கு எரிகிறது; அது பெந்தெகொஸ்தே நாளில் இயேசுவின் சீடரான அப்போஸ்தலர்மேல் இறங்கிய ஆவியின் அக்கினியைக் குறிப்பது. அதற்குக் கீழே பார்வை மாடத்தைச் சுற்றியுள்ள கூர்முனைகள் முள்முடியை நினைவூட்டுகின்றன.

அசூசாவின் எளிமைக்கு நேர்மாறாக, 2014-இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் ஒரு நவபெந்தெகொஸ்தே (இவ்வியக்கத்திலிருந்து பிற்காலத்தில் கிளைத்த) சபை சாலொமோனின் தேவாலயம் என்ற பெயரிலேயே எழுப்பிய பிரம்மாண்டக் கட்டடம், இஸ்ரவேலிலிருந்து கொண்டுவந்த கற்கள், ஏழுகிளை விளக்குத்தண்டுகள், பத்துக் கட்டளைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியின் மாதிரி என்று பழைய ஏற்பாட்டையே கண்முன் நிறுத்துகிறது. அதன் கம்பீரத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் நிரப்பியது சீடர்கள் கூடியிருந்த ஒரு வீட்டையே என்பதால், அசூசாவின் மரப்பெட்டிகளே அந்த நாளுக்கு நெருக்கமானவை என்று நான் கருதுகிறேன்.